தலைமைப் பாங்கும் பணி மனநிறைவும்: வேலூரில் நடந்த இரண்டு நாள் பயிலரங்கு குறித்து ஒரு மதிப்பீடு

கடந்த மே மாத இறுதியில், பள்ளிகள் திறப்பதற்குச் சில நாள்கள் முன்பு, வேலூர் கிரீன் சர்க்கிளுக்கு அருகில் ஒரு விடுதி அரங்கில் நடந்த இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டேன். பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் தொழிற்கூட மேற்பார்வையாளர்களுக்கும் சேர்த்து ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் அதனை நடத்தியது. கட்டணம் ஆளுக்கு 3,500 ரூபாய்; மதிய உணவும் கையேடும் அதில் அடக்கம். பொருள், மேலிருப்பவரின் தலைமைப் பாங்கு கீழிருப்பவரின் பணி மனநிறைவை எவ்வாறு ஆக்குகிறது, எவ்வாறு கெடுக்கிறது என்பது. இத்தகைய பயிற்சியில் சேர எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால், நான் கண்ட நிறைகளையும் குறைகளையும் எழுதுகிறேன்.

நான் ஏன் சென்றேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். காட்பாடிப் பகுதியில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்து, சென்ற ஆண்டு அதே பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றேன். பல ஆண்டுகள் என்னுடன் ஒரே மேசையில் உணவுப் பாத்திரத்தைத் திறந்து பகிர்ந்துகொண்டவர்கள், நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தத் தொடங்கினார்கள். யாரையும் நான் கடிந்து பேசியதில்லை. எவருக்கும் மெமோ கொடுத்ததில்லை. ஆயினும் அந்த மௌனம் ஓர் ஆண்டு முழுவதும் நீடித்தது. அதன் காரணத்தை அறிய வேண்டும் என்ற தவிப்பில்தான் சொந்தப் பணத்தைக் கட்டிச் சேர்ந்தேன்.

அரங்கில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருந்தோம். ஏறக்குறைய பாதிப் பேர் ஆசிரியர்கள். மற்றவர்கள் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் மற்றும் காலணித் தொழிற்கூடங்களிலிருந்தும், வேலூர் நகரத்து ஜவுளிக்கடை, மருந்துக்கடை நிர்வாகங்களிலிருந்தும் வந்தவர்கள். இவ்விரு தரப்பினரையும் ஒரே அரங்கில் அமர்த்தியது இந்தப் பயிலரங்கின் மிகச் சிறந்த முடிவு என்பேன். தலைமையாசிரியர்கள் மட்டும் கூடும் கூட்டங்களில் எங்கள் குறைகளெல்லாம் எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளப் பதிவேற்றத்தையும் காலிப் பணியிடங்களையும் சுற்றியே வரும். வேறொரு தொழிலில் இருப்பவர் முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது.

முதல் நாள் முற்பகலில் கோட்பாடுகளின் வரலாறு. 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்டு லிப்பிட், ரால்ப் ஒயிட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து பயிற்றுநர் தொடங்கினார். பத்து வயதுச் சிறுவர்களை ஐவர் ஐவராகக் குழுக்களாக்கி, பள்ளி நேரத்துக்குப் பின் முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளைக் கொடுத்து, பெரியவர் ஒருவரை ஒவ்வொரு குழுவுக்கும் தலைவராக வைத்தார்கள். ஒருவர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்து கட்டளையிட்டார். ஒருவர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். ஒருவர் எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நின்றார். கட்டளைத் தலைவரின் கீழ் இருந்த சிறுவர்கள் சிலவேளை ஒருவரையொருவர் வசைபாடிச் சண்டையிட்டார்கள். பெரும்பாலும் உயிரற்றவர்களாய் அடங்கிக் கிடந்தார்கள். அவர் அறையிலிருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது, அவர் வெளியே சென்றதும் படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவரின் குழுவில், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை ஏறக்குறைய ஒரே சீராக ஓடியது. கட்டளைத் தலைவரைவிடக் கலந்து பேசும் தலைவரையே தங்களுக்குப் பிடித்ததாக 20 சிறுவர்களில் 19 பேர் கூறினார்கள். எஞ்சிய ஒருவன் இராணுவ அதிகாரியின் மகன்.

இந்தப் பகுதியைப் பயிற்றுநர் மிக நன்றாக நடத்தினார். இடையிடையே எங்களையே குழுக்களாகப் பிரித்துக் காகிதப் பெட்டி செய்யச் சொல்லி, குழுத் தலைவர்களைத் திடீரென்று வெளியே அழைத்துச் சென்றார். என் குழுவின் தலைவர் வெளியே போனதும் நாங்கள் நால்வரும் கைவேலையை விட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தோம். அந்த நிமிடத்தில், தலைமையாசிரியர்களுக்கான மீளாய்வுக் கூட்டத்துக்கு நான் போய்விட்ட பிற்பகல்களில் என் பள்ளியில் எட்டாம் பாடவேளை எப்படி நடக்கிறது என்ற கேள்வி என்னைத் தைத்தது.

அதற்குப் பிறகு வேகம் கெட்டது. 1978-இல் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் தொடங்கி, 1985-இல் பெர்னார்டு பாஸ் விரித்துரைத்த உருமாற்றத் தலைமை, பரிமாற்றத் தலைமை என்னும் பாகுபாட்டை நாற்பது நிமிடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட படவில்லைகளாகக் (ஸ்லைடுகளாகக்) காட்டி ஓட்டிவிட்டார்கள். கல்வித் துறையிலும் வணிகத்திலும் பணி மனநிறைவு பற்றி நடந்துவரும் ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது இதுதான்; இதைத்தான் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். வேலைக்கு ஈடாக வெகுமதி, தவறுக்கு ஈடாகத் தண்டனை என்று கணக்கு வைத்து நடத்துவது பரிமாற்றத் தலைமை. தன் நடத்தையால் நம்பிக்கையைப் பெற்று, வேலையின் நோக்கத்தை உணர்த்தி, புதிதாகச் சிந்திக்கத் தூண்டி, ஒவ்வொருவரையும் தனித்தனி மனிதராகக் கவனித்து நடத்துவது உருமாற்றத் தலைமை. பரிமாற்றத்துக்குள்ளேயே, சொன்ன வேலையை முடித்தால் சொன்ன பலனைத் தவறாமல் தருவது ஒரு வகை. பிழை நேரும்போது மட்டும் வந்து நிற்பது இன்னொரு வகை. முன்னது மனநிறைவைக் கூட்டுவதும், பிழைக்காகக் காத்திருப்பது குறைப்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. அரசுப் பணியில் 17அ, 17ஆ என்ற ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் எண்களைக் கேட்டாலே ஆசிரியர்களின் முகம் மாறுவதை அறிந்தவர்களுக்கு, பிழைக்காகக் காத்திருக்கும் தலைமை எத்தகையது என்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த எண்கள் இரண்டு நாளும் ஒருமுறைகூடப் பேசப்படவில்லை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் வெளிநாட்டு நிறுவனத் தலைவர்களைப் பற்றியவை.

இந்த ஊரில் நின்றுகொண்டு எடுத்துக்காட்டுக்குக் கடல் கடந்து போனது எனக்கு வருத்தமாக இருந்தது. சற்றுத் தொலைவில்தான் கோட்டை இருக்கிறது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்கின் ஆணையின்படி, சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக் கூடாது, கடுக்கன் அணியக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று விதிகள் வந்தன. அணிய வேண்டியவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 1806 மே மாதம் மறுத்தவர்களில் இருவருக்குத் தொண்ணூறு தொண்ணூறு கசையடி கொடுத்து வேலையிலிருந்தும் நீக்கினார்கள். சூலை 10 விடியலில் கோட்டைக்குள் என்ன நடந்தது என்பதை வேலூர்ப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். பின்னர் அந்த விதிகள் கைவிடப்பட்டன. ஆளுநர் பெண்டிங்க் பிரபுவும் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்புவின் குடும்பத்தார் அங்கே வைக்கப்பட்டிருந்தது உட்பட அந்தப் புரட்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் போன நிகழ்வைப் பள்ளி அலுவலக மனக்குறையோடு சமமாக வைக்கவும் கூடாது. ஆயினும், கேட்காமல் இட்ட ஆணை, எதிர்ப்பை விசாரிக்காமல் தண்டித்த அவசரம் ஆகிய இரண்டையும் விளக்க இதைவிட அருகில் வேறொன்று இல்லை. கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மதிய உணவு பற்றி ஒரு வரி போதும்: கத்தரிக்காய்த் தொக்குடன் பிரியாணியும், சைவ உணவினருக்குத் தனிப் பந்தியும் இருந்தன, இரண்டும் குறைவின்றி இருந்தன.

அந்த உணவு வேளையில்தான் எனக்கு இந்தப் பயிலரங்கின் உண்மையான பாடம் கிடைத்தது. எதிரில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்கூடம் ஒன்றில் தையல் லைனுக்கு மேற்பார்வையாளர். அவர் கீழ் 32 பெண்கள் அப்பர் என்னும் காலணி மேற்பகுதியைத் தைக்கிறார்கள். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து ஒன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு மேலே வந்தவர். "சார், டார்கெட் வரலேன்னு நான் கத்தினா அன்னிக்கு வந்துடும். மறுநாள் நாலு பேர் லீவு. அந்த நாலு மிஷின் சும்மா நிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தா கத்தினதால நஷ்டம்தான்" என்றார். லெவினின் சிறுவர்கள் எண்பதாண்டுகளுக்கு மேலாகப் புத்தகங்களில் சொல்லி வருவதை அவர் ஒரு வாரத்து வருகைப் பதிவேட்டிலிருந்து தாமே கண்டுபிடித்திருந்தார். பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். காலையில் லைன் ஓடத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் நின்று, அன்றைய மாடல் எது, எந்த இடத்தில் தையல் சிக்கும், முந்தைய நாள் எத்தனை ஜோடி திரும்பி வந்தது என்பதைச் சொல்லிவிடுவாராம். பேருந்து தாமதமாக வந்த ஊர்க்காரப் பெண்களிடம் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டாராம், ஏனென்றால் அது அவர்கள் கையில் இல்லை.

அன்று பிற்பகல் அமர்வில் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கின் கோட்பாடு வந்தபோது இந்த உரையாடல் எனக்குத் துணையாக இருந்தது. பிட்ஸ்பர்க் பகுதியில் இருநூறுக்கும் சற்று மேற்பட்ட பொறியாளர்களையும் கணக்கர்களையும் நேர்கண்டு 1959-இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இது: ஊதியம், நிறுவன விதிகள், பணியிடச் சூழல், மேற்பார்வையின் தரம் ஆகியவை கெட்டால் மனக்குறை பெருகும், ஆனால் அவை சீரானதால் மட்டும் மனநிறைவு வந்துவிடாது. சாதித்த உணர்வு, அதற்கான அங்கீகாரம், வேலையின் இயல்பு, பொறுப்பு, உயர்வு ஆகியவற்றிலிருந்தே அது வரும். இந்தப் பிரிவினை இவ்வளவு கறாராக எல்லா இடத்திலும் பொருந்தாது என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். பயிற்றுநரும் அதை நேர்மையாகச் சொன்னார்.

தொழிற்கூடத்துக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் எனக்குத் தெளிவாயிற்று. அந்த அம்மையாரின் லைனில் மிகைநேரக் கூலி, ஊக்கத்தொகை, ஷிப்ட் மாற்றம் ஆகியவற்றில் அவர் பரிந்துரைக்கு ஓரளவு எடை உண்டு. எனவே சொன்ன பலனைச் சொன்ன நாளில் பெற்றுத் தருவதே அவர் மீதான நம்பிக்கையின் முதல் படி. தலைமையாசிரியனாகிய என்னால் எந்த ஆசிரியருக்கும் ஒரு ரூபாயைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஊதியம் அரசாணைப்படி வருகிறது. பதவி உயர்வு பணிமூப்புப்படி வருகிறது. என் கையில் இருப்பவை மிகச் சில: கால அட்டவணை, வகுப்புப் பொறுப்பு, தற்செயல் விடுப்புக் கடிதத்தை வாங்கும் விதம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பேசும் விதம், நல்ல வேலையைக் கண்டு சொல்லும் ஒரு சொல். இவை சிறியவை என்று 22 ஆண்டுகள் எண்ணியிருந்தேன். ஊதியம் பற்றிய முடிவு வேறெங்கோ எடுக்கப்படும் இடத்தில், ஆசிரியரின் அன்றாட நிறைவு முழுவதும் இந்தச் சிறியவற்றின் மேல்தான் வந்து நிற்கிறது என்பதை அந்தப் பிற்பகலில் உணர்ந்தேன்.

இனி, பயிலரங்கின் பெரிய குறை. இரண்டாம் நாள் காலை எங்கள் தலைமைப் பாங்கை அளக்கும் வினாப்படிவம் ஒன்றை நாங்களே நிரப்பினோம். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தபோது அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் "பங்கேற்புத் தலைமை" என்ற கட்டத்தில் வந்தார்கள்; நானும் அப்படியே. கைதட்டினோம். அடுத்த அமர்வுக்குப் போய்விட்டோம். தலைவர் தம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பது இந்தப் பொருளில் மிகக் குறைந்த மதிப்புடைய தகவல். அவர் கீழ் வேலை செய்பவர் அவரை எப்படிக் காண்கிறார் என்பதே மனநிறைவோடு தொடர்புடையது. பாஸும் புரூஸ் அவோலியோவும் உருவாக்கிய பன்முகத் தலைமை வினாப்படிவத்தில்கூடத் தலைவருக்கு ஒன்று, அவரை மதிப்பிடுவோருக்கு ஒன்று என இரு வடிவங்கள் உண்டு. பயிலரங்குக்கு ஒரு வாரம் முன்பே எங்கள் பணியாளர்களிடம் பெயரில்லாமல் ஒரு தாளை நிரப்பச் சொல்லி, மூடிய உறையில் பெற்றுவந்திருந்தால், அந்தக் காலை வேளை 3,500 ரூபாயையும் கடந்து மதிப்புடையதாகியிருக்கும்.

கையேட்டில் பால் ஸ்பெக்டர் 1985-இல் வெளியிட்ட பணி மனநிறைவு அளவுகோலின் தமிழாக்கமும் இருந்தது. ஊதியம், பதவி உயர்வு, மேற்பார்வை, பிற சலுகைகள், அங்கீகாரம், நடைமுறை விதிகள், உடன்பணியாளர், வேலையின் இயல்பு, தகவல் தொடர்பு என ஒன்பது கூறுகள். கூறுக்கு நான்காக 36 கூற்றுகள். நல்ல கருவி. ஆனால் தமிழாக்கம் கவனமின்றிச் செய்யப்பட்டிருந்தது. தலைப்பே "பணி நிறைவு அளவுகோல்" என்று இருந்தது. எங்கள் பள்ளிகளில் பணி நிறைவு என்றால் ஓய்வு பெறுதல். சால்வையும் மாலையும் போடும் விழா. அளவுகோலில் ஏறக்குறைய பாதிக் கூற்றுகள் எதிர்மறையானவை. "எனக்குக் கிடைக்கும் சலுகைகளில் எனக்குத் திருப்தி இல்லை" என்ற கூற்றுக்கு "உடன்படவில்லை" என்று குறித்தால் திருப்தி உண்டு என்று பொருள்; இதை விளக்காமல் கொடுத்ததால் என் பக்கத்து இருக்கைக்காரர் நேர் எதிராக நிரப்பியிருந்தார். இந்தியச் சூழலுக்கென்று ஜே. பி. பி. சின்கா 1980-இல் முன்வைத்த கருத்துக்குக் கையேட்டில் கிடைத்தது ஒரே ஒரு வரி. பரிவும் வேண்டும், வேலையில் கண்டிப்பும் வேண்டும். பணியாளர் தேறத் தேறத் தலைவர் கட்டளையைத் தளர்த்திக் கலந்து பேசும் நிலைக்கு நகர வேண்டும் என்பது அவர் வாதம். அரங்கில் இருந்த எல்லோருக்கும் மிக நெருக்கமானது அதுதான்.

குறைகளை இவ்வளவு எழுதிய பிறகும் இந்தப் பயிலரங்கைப் பரிந்துரைக்கிறேன். இரண்டாம் நாள் பிற்பகலில் ஆசிரியர் ஒருவரும் தொழிற்கூடத்தவர் ஒருவருமாக எங்களை இணைத்து, பள்ளிக்கு அல்லது தொழிற்கூடத்துக்குத் திரும்பியதும் மாற்றவிருக்கும் ஒரே ஒரு நடைமுறையை எழுதி, மற்றவரிடம் கொடுத்து வைக்கச் சொன்னார்கள். அந்தத் தையல் லைன் அம்மையார்தான் எனக்கு இணை. "நீங்க உங்க டீச்சருங்களக் கேட்டீங்களா சார்?" என்பதே அவர் என் தாளைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி. நான் கேட்டிருக்கவில்லை.

சூலை மாதத்தில் கேட்டேன். ஸ்பெக்டரின் கூற்றுகளைத் தெளிவான தமிழில் நானே திருத்தி எழுதி, எங்கள் பள்ளியின் 14 ஆசிரியர்களுக்கும் கொடுத்து, பூட்டிய பெட்டி ஒன்றை ஆசிரியர் அறையில் வைத்தேன். 13 தாள்கள் வந்தன. வேலையின் இயல்பிலும் உடன்பணியாளரிலும் மதிப்பெண் மிக உயர்வாக இருந்தது. ஊதியம் நடுவில் இருந்தது. அங்கீகாரமும் தகவல் தொடர்பும் அடியில் கிடந்தன. தாளின் கீழே விட்டிருந்த இடத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் மூன்று செய்திகளையே எழுதியிருந்தார்கள். கால அட்டவணை முடிவான பிறகே கண்ணில் படுகிறது. விடுப்புக் கடிதம் தரும்போது எல்லோர் முன்னாலும் "என்ன விஷயம்?" என்று கேட்கப்படுகிறது. தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் பாடவாரியான தேர்ச்சியைக் கூட்டத்தில் ஆசிரியர் பெயர் சொல்லிப் படிக்கிறார். மூன்றாவதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்று நான் பெருமையாக எண்ணியிருந்தது அது.

காலாண்டுத் தேர்வுக்கு முன் மூன்றையும் மாற்றினேன். அட்டவணையின் வரைவு மூன்று நாள் அறிவிப்புப் பலகையில் இருந்தது. அதிலேயே பென்சிலால் திருத்தம் எழுதினார்கள். கடைசிப் பாடவேளையில் தொடர்ந்து நான்கு நாள் கணிதம் வந்திருந்ததை எனக்குச் சுட்டிக்காட்டியவர் தமிழாசிரியை. தேர்ச்சி பற்றி இப்போது ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுகிறேன். விடுப்புக்குக் காரணம் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மூத்த ஆசிரியர் ஒருவர், எல்லாவற்றுக்கும் எல்லோரையும் கேட்டால் எதுவும் நேரத்தில் நடக்காது என்று என்னிடமே வந்து சொன்னார். விளையாட்டு விழா ஏற்பாட்டில் அவர் சொன்னதே நடந்தது. இந்த ஆண்டு சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவருக்குப் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ள உரிமை கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அவர் கண் கலங்கி வந்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் சார் என்றார். அவருக்கு நான் கொடுத்தது உரிமை என்று நினைத்தேன். அவருக்கு அது கைவிடப்பட்டதாகத் தோன்றியிருக்கிறது. பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969-இல் சொன்னது, பணியாளரின் தேர்ச்சிக்கும் முனைப்புக்கும் ஏற்பத் தலைமைப் பாங்கு மாற வேண்டும் என்பது. பயிலரங்கில் அதைக் குறிப்பெடுத்திருந்தும் அந்த ஆசிரியை வந்து நின்றபோதுதான் புரிந்தது. இப்போது வாரம் ஒருமுறை அவரோடு அமர்ந்து அடுத்த வாரத்துப் பாடத்தை வரி வரியாகப் பார்க்கிறோம்.

சேர எண்ணுவோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: மூன்று மாதம் கழித்து ஒரு பிற்பகல் தொடர் சந்திப்பு உண்டு என்று முதல் நாள் அறிவித்தார்கள். நான்கு மாதமாகியும் அழைப்பு வரவில்லை. இருமுறை தொலைபேசியில் கேட்டேன், தேதி முடிவானதும் சொல்வதாகச் சொன்னார்கள். மாற்றத்தைத் தொடங்கியவர்களுக்கு அந்தச் சந்திப்புதான் மிகவும் தேவை என்பதால், கட்டணம் செலுத்துமுன் அதன் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்களுக்கும், தொழிலாளியாக இருந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர்களுக்கும் இது பயன்படும். பல ஆண்டு அனுபவமுள்ள துறைத் தலைவர்கள் முதல் நாள் முற்பகலை ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். சேர்ந்தால், தொழிற்கூடத்திலிருந்து வந்தவர் அருகில் அமருங்கள்.

அடுத்த அணிக்கு எங்கள் உதவித் தலைமையாசிரியை செல்லவிருக்கிறார். புறப்படுமுன் அவரே ஒரு தாளைத் தட்டச்சு செய்து, தம் பொறுப்பில் உள்ள ஆறு ஆசிரியர்களிடம் கொடுத்து, உறையில் ஒட்டித் தருமாறு கேட்டிருக்கிறார். நேற்றுவரை நான்கு உறைகள் அவர் மேசைக்கு வந்திருந்தன.